அரை நூல்

நுழையும்முன்

பழைய கார்களைப் பேணுவோர் அவற்றின் வேகத்தையும் அழகையும் மிகுதியாகப் பேசுவர். மலைச்சாலையில் இறங்கும்போதோ, சக்கரத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஒரு சிறு ரப்பர் வளையத்தை நம்பியே உயிர் இருக்கிறது. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டுக்கு மேலான ஒரு காருக்கு, உரிய பிரேக் உறுப்புகளைத் தேடும் முயற்சியைப் பற்றியது இப்பாடம்.

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், 1961ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் காரை உருவாக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அம்பாசிடரும் ஃபியட்டும் சாலைகளை நிறைத்திருந்த காலத்தில் ஹெரால்டு தனித்துத் தெரிந்தது. அதன் முன்பகுதி முழுவதும், விளக்குகளோடும் சக்கரக் காப்புகளோடும் சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மீதே அமர்ந்துகொண்டு இன்ஜின் வேலையைப் பார்க்கலாம். 948 சி.சி. இன்ஜினே உடைய சிறிய கார்தான். ஆயினும், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்.

ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டியின் கைவண்ணத்தில், 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. உலகெங்கும் விரும்பிப் பேணப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுள் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டு ஹெரால்டு அதற்கு நேர் உடன்பிறப்பு. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த கார்ப் பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடியுள்ளன. ஆகவே, நான்கு கதவு வைத்த வடிவத்தைப் பார்த்துவிட்டு அதை வெறும் குடும்பக் கார் என்று ஒதுக்குவது முறையன்று.

ஹெரால்டுக்குப்பின் கெஸல் வந்தது; 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது; 1988இல் கார் உற்பத்தியே நின்றுபோனது. செய்த ஆலை இல்லை. உறுப்பு தரும் முகவர் இல்லை. கார்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

இறக்கத்தின் கணக்கு

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், அத்தகைய ஹெரால்டு ஒன்று தாத்தாவின் நினைவாக ஒரு வீட்டில் நிற்பதாகக் கொள்வோம். பேரன் அதை ஓட்ட விரும்புகிறான். நகரத்துச் சமவெளியில் மட்டும் ஓட்டுவதென்றால் பெரிய இடர் இல்லை. ஆனால், அவ்வூரில் கார் வைத்திருக்கும் எவருக்கும் கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலையேறி வெள்ளிமலைவரை போய்வரும் ஆசை ஒருநாள் வரவே செய்யும். ஏறுவது இன்ஜினின் பொறுப்பு. இன்ஜின் தோற்றால் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. இறங்குவது பிரேக்கின் பொறுப்பு. அது தோற்றால் வண்டி நிற்காது.

ஹெரால்டின் எடை ஏறத்தாழ 800 கிலோ. நால்வர் அமர்ந்தால் 1,100 கிலோ எனக் கொள்ளலாம். அந்த எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது விடுபடும் ஆற்றல் ஏறக்குறைய 54 இலட்சம் ஜூல். 18 லிட்டர்த் தண்ணீரை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைக்க அவ்வளவு வெப்பம் போதும். இரண்டாம் கியரில் இறங்கினால் அதில் ஒரு பகுதியை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். எஞ்சியது முழுவதும் நான்கு சக்கரங்களின் டிரம்களுக்குள் வெப்பமாக இறங்கும். சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருக்கும் ஷூவைவிட்டு விலகும், பெடல் தாழும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். மலையின் மேல் முதல் வளைவில் பிடித்த பிரேக் வேறு, அடிவாரத்துக் கடைசி வளைவில் பிடிக்கும் பிரேக் வேறு.

இதனோடு இன்னொன்றும் உண்டு. இன்றைய கார்களின் பிரேக் எண்ணெய் இரு தனிப் பாதைகளில் செல்கிறது. ஒன்று உடைந்தாலும் மற்றொன்று காக்கும். பழைய ஹெரால்டுக்கு ஒரே பாதைதான். நான்கு சக்கரங்களுள் ஏதேனும் ஒன்றில் எண்ணெய் கசிந்து தீர்ந்தால், நான்கும் போகும். பின்சக்கரங்களைக் கம்பியால் இழுக்கும் கைப்பிரேக் ஒன்றே மிச்சம்.

"என்ன வண்டி?"

டிரம்மைக் கழற்றிய இளைஞன் காண்பது இது: பின்பக்க வீல் சிலிண்டர் ஒன்றில் எண்ணெய் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கிறது. வீல் சிலிண்டர் என்பது கட்டைவிரல் பருமனுள்ள சிறு குழல். கால் மிதிக்கும் பெடல், மாஸ்டர் சிலிண்டரில் உள்ள எண்ணெயை அழுத்துகிறது. அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதியின்படி, அவ்வழுத்தம் குழாய்வழியே சக்கரத்தை அடைந்து, வீல் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் ஷூவை டிரம்மின்மேல் அழுத்துகிறது. எண்ணெய் வெளியேறாமல் காப்பது பிஸ்டனோடு நகரும் ஒரு ரப்பர் கிண்ணம். பட்டறைகளில் அதை 'வாஷர்' என்றே சொல்கிறார்கள்.

பழுதைக் கண்டறிவது இங்கு எளிது. உறுப்பைக் கண்டறிவதுதான் கடினம். உள்ளூர்க் கடைகளில் டிராக்டருக்கும் புதிய கார்களுக்கும் கிடைக்கும், ஹெரால்டுக்குக் கிடைக்காது. பழைய உறுப்புகளுக்குப் பெயர்போன சென்னையின் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் போக வேண்டியிருக்கும். அத்தகைய கடைகளில் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

"என்ன வண்டி தம்பி?"

"ஹெரால்டுண்ணே. பின்பக்க வீல் சிலிண்டர் வேணும்."

"எந்த வருசம்?"

"அறுபத்தெட்டு."

நல்ல கடைக்காரர் அத்துடன் நிறுத்தமாட்டார். "பழசு கையில இருக்கா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்பவரிடம் வாங்கலாம். பெயரையும் ஆண்டையும் மட்டும் கேட்டுவிட்டு உள்ளே சென்று ஒரு பெட்டியை எடுத்துவருபவரிடம் எச்சரிக்கையாக இருப்பதே நன்று.

காரணம் எளியது. அரை நூற்றாண்டாக ஓடிய கார், ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே இருப்பதில்லை. உறுப்பு கிடைக்காத காலத்தில் எவரோ ஒரு மெக்கானிக் ஃபியட்டின் சிலிண்டரையோ அம்பாசிடரின் குழாயையோ பொருத்தி வண்டியை ஓடவைத்திருக்கலாம். அவரைக் குறைகூற முடியாது. அன்றைக்கு வண்டி ஓடியாக வேண்டும். ஆனால், பதிவுப் புத்தகத்தில் ஹெரால்டு என்றிருப்பது, டிரம்முக்குள் இருப்பதும் ஹெரால்டுதான் என்பதற்குச் சான்றாகாது. அயல்நாட்டுப் பட்டியல்களுக்கும் இது பொருந்தும். ஸ்பிட்ஃபயரை விரும்புவோர் பலர் இருப்பதால் அதன் உறுப்புகள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. உடன்பிறப்பாயிற்றே என்று அதன் முன்பக்க பிரேக்கை வரவழைத்தால், வருவது 9 அங்குல டிஸ்க்குக்கு உரியதாக இருக்கும். ஹெரால்டின் முன்சக்கரத்தில் இருப்பதோ 8 அங்குல டிரம். பின்சக்கரத்தில் இரண்டுக்கும் 7 அங்குல டிரம்தான். அங்கே உறவு உதவலாம். அங்கும் அளந்து பார்த்த பின்னரே உதவும்.

அரை நூல் வேறுபாடு

தமிழ்நாட்டுத் தச்சரும் கடைசல்காரரும் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுப்பர். வீல் சிலிண்டரின் உள்விட்டம் ஐந்து நூல், ஐந்தரை நூல், ஆறு நூல் என்று பலவகையாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றலாம். பொருத்தும் துளைகளும் ஒத்துப்போகலாம். ஐந்து நூலுக்கும் ஐந்தரை நூலுக்கும் உள்ள வேறுபாடு 1.6 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அளவு.

பிஸ்டனின் விசை விட்டத்தைப் பொறுத்ததன்று, பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். ஆகவே, அரை நூல் கூடினால் ஷூவை அழுத்தும் விசை 21 விழுக்காடு கூடிவிடும். ஒரு நூல் கூடி, ஐந்து நூலுக்குப் பதிலாக ஆறு நூல் சிலிண்டர் வந்துவிட்டால், 44 விழுக்காடு. கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். பின்சக்கரத்தில் அது நல்லதன்று. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. பின்சக்கரங்கள் தரையை மெல்லவே தொடுகின்றன. அவற்றில் விசை மிகுந்தால் அவை முதலில் சுழற்சி நின்று வழுக்கும். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சுகளில் அமைந்தவை. வளைவில் அவற்றின் பிடிப்பு ஏற்கெனவே நுட்பமானது. மலை வளைவில் பின்பகுதி பக்கவாட்டில் வீசினால் திருத்திக்கொள்ள இடம் இராது. ஒரு பக்கத்தில் ஐந்து நூலும் மறுபக்கத்தில் ஐந்தரை நூலும் அமைந்துவிட்டாலோ, ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

எனவே, கடைக்குப் போகுமுன் பழைய சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, உள்விட்டத்தை வெர்னியர் அளவியால் அளந்து, நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். பல சிலிண்டர்களின் முதுகில் அவ்வளவு எழுத்தாகவே வார்க்கப்பட்டிருக்கும். துருவைச் சுரண்டினால் தெரியும்.

பொய்சொல்லும் மரை

விட்டத்தையாவது அளந்துவிடலாம். மரை அதைவிட ஏமாற்றும். ஹெரால்டு அங்குல அளவுகளின் காலத்துக் கார். அக்காலத்து பிரேக் குழாய்களின் முனையிலுள்ள சிறு நட்டுகள் பல மூன்று நூல் விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் கொண்டவை, அதாவது 9.5 மில்லிமீட்டர். பிற்காலக் கார்களில் வருவது 10 மில்லிமீட்டர் விட்டமும், ஒரு மில்லிமீட்டர் மரை இடைவெளியும் உடையது. மூன்று நூல் நட்டை 10 மில்லிமீட்டர்த் துளையில் திருகினால் உள்ளே போகும். சற்றுத் தளர்வாக, ஆனால் முரண்டு பிடிக்காமல் போகும். கடைசிச் சுற்றுகளில் இறுகுவதுபோலவும் இருக்கும். எண்ணெய் ஊற்றி மிதித்துப் பார்த்தால் கசிவும் தெரியாமல் இருக்கலாம்.

பெடலைக் கால் 30 கிலோ விசையோடு மிதிப்பதாகவும், பெடலின் நெம்புகோல் அமைப்பு அதை ஐந்து மடங்காக்குவதாகவும், மாஸ்டர் சிலிண்டர் ஐந்து நூல் விட்டமுள்ளதாகவும் கொண்டால், குழாய்க்குள் எழும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 75 கிலோ. டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் நாற்பது மடங்கு. அதைத் தாங்குவது மரைகளின் முகடுகள் மட்டுமே. முகடுகள் ஒன்றையொன்று நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், அவசரமாக முழுவலுவோடு மிதிக்கும் அந்த ஒரு கணத்தில்தான் அவை பிடுங்கிக்கொள்ளும். மெல்ல ஓட்டிப் பார்த்த சோதனைகள் எதிலும் அது வெளிப்படாது.

கையால் திருகும்போதே மரை சீராக, ஆட்டமின்றி ஏற வேண்டும். ஐயம் எழுந்தால் மரை அளவுத் தகட்டை வைத்துப் பார்த்துவிட வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அத்தகடு, பழைய கார் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டிய கருவி. பலர் முதலில் வாங்குவது மெருகு மெழுகு!

மூடிய பெட்டியின் மயக்கம்

பழைய கார் ஆர்வலரை மயக்கும் இன்னொன்று, பிரிக்கப்படாத பழைய பெட்டி. இங்கிலாந்தின் ஹெரால்டில் இருந்தது கிர்லிங் நிறுவனத்தின் பிரேக். அந்நிறுவனத்தின் கூட்டுடன் 1962இல் சென்னையில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கப்பெற்றுப் பாடியில் ஆலை அமைந்தது. அதனால் கிர்லிங் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்குப் பழக்கமானது. ஏதோ ஒரு கடையின் பரணில், அப்பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டி மூடியபடியே கிடைத்தால் எவருக்கும் மனம் துள்ளும்.

உள்ளிருப்பது உண்மையான உறுப்பே. ஆனால், அதிலுள்ள ரப்பருக்கு வயது ஐம்பது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ரப்பர் மூப்படையும், இறுகும், நுண்ணிய வெடிப்புகள் விழும். இரும்புக் குழலை வைத்துக்கொண்டு, அதே அளவில் புதிய ரப்பர்க் கிண்ணத்தை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. போலிக்கு அஞ்சுவோர் முதுமைக்கும் அஞ்ச வேண்டும்.

ரப்பரைப் பேசினால் எண்ணெயையும் பேசியாக வேண்டும். இவ்வகை பிரேக்குக்கு உரியது கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் ஆயில். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலைச் சிறிது ஊற்றினாலும் போதும். ரப்பர் ஊறிப் பருத்து, சிலிண்டருக்குள் சிக்கிக்கொள்ளும். உரிய எண்ணெய்க்கும் ஒரு குறை உண்டு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஏறத்தாழ 4 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். எண்ணெய் சுருங்காது, ஆவி சுருங்கும். பெடல் பஞ்சுபோல் தரைவரை போய்விடும். மழைக்காலங்கள் பலவற்றைக் கண்டபடி ஒரே இடத்தில் நின்ற காரின் எண்ணெயை அப்படியே வைத்துக்கொண்டு கல்வராயன் மலையில் இறங்குவதைத் துணிவு என்று சொல்ல முடியாது.

கடைசல் பட்டறை

தேடியும் சிலிண்டர் கிடைக்கவில்லை என்றால்? இங்கேதான் கள்ளக்குறிச்சி சென்னையைவிடக் கைகொடுக்கக்கூடும். நெல்லும் கரும்பும் விளையும் வட்டாரம் அது. டிராக்டரையும் பம்பு செட்டையும் சரிசெய்யும் லேத் பட்டறை அத்தகைய ஊர்களின் உயிர்நாடி. நூல் கணக்கு அங்கே கைப்பழக்கம். (மரச்சிற்பத்துக்காக 2021இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர் அது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். உளியோ லேத்தோ, மிகுதியாகச் செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்ற அச்சம் இரு தொழிலுக்கும் பொது.)

துரு அரித்துக் குழிவிழுந்த சிலிண்டரை இளைஞன் அங்கே கொண்டு செல்கிறான்.

"ஐயா, உள்ள கொஞ்சம் தேய்ச்சு வழவழப்பாக்கிட்டா போதுமா?"

"தேய்ச்சா குழி போகும் தம்பி. அளவும் சேர்ந்து போயிடும். அப்புறம் வாஷர் புடிக்காது. உள்ள கடைஞ்சு பித்தளைச் சிலீவு அடிச்சு, பழைய அளவுக்கே கொண்டு வந்துரலாம். பழைய அளவு என்ன, அதைச் சொல்லுங்க."

"அஞ்சு நூல்."

"நாலு சக்கரமும் அளந்தீங்களா?"

சிலீவு அடித்தல் என்பது, சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, அதில் மெல்லிய பித்தளைக் குழலை இறுக்கிச் செருகி, அதன் உள்விட்டத்தைத் தொடக்க அளவுக்கே மெருகிடுதல். பித்தளை துருப்பிடிக்காது. செம்மையாகச் செய்தால் புதிய சிலிண்டரைவிட நெடுநாள் உழைக்கும். செம்மையாக என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. உட்சுவரில் ஒரு கீறல் இருந்தாலும் ரப்பர் கிழியும்.

லைனிங்குக்கும் இவ்வழி உண்டு. லைனிங் தேய்ந்துவிட்டதென்று பழைய ஷூக்களை எறிந்துவிடுவோர் உண்டு. அது பெரும் இழப்பு. லைனிங்தான் தேய்வது, இரும்பு ஷூ தேய்வதில்லை. அதே ஷூவின் மேல் புதிய லைனிங்கை அடித்துக்கொள்ளலாம். அடிக்கும்போது ரிவெட்டின் தலை லைனிங்கின் பரப்புக்குக் கீழே நன்கு அமிழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் டிரம்மைக் கீறும். கடினமான லைனிங் நெடுநாள் உழைக்கும் என்று வாங்குவோர், அது குளிர்ந்த நிலையில் மெல்லவே பிடிக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்தவுடன் காற்றடித்துத் தூசியை ஊதுவது பட்டறை வழக்கம். நுரையீரலுக்குத் தீராத கேடு விளைவிக்கும் வழக்கம். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தக்கது.

எல்லாம் பொருத்தி, குழாய்களில் அடைபட்ட காற்றை ஒவ்வொரு சக்கரமாக வெளியேற்றியபின், முதல் சோதனை மலையில் நடப்பதில்லை. ஆளில்லா மைதானத்தில், நடைவேகத்தில் நடக்கும். அடுத்து, நேரான சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒருமுறை முழுவலுவோடு மிதித்துப் பார்க்கப்படும். கார் நேராக நிற்கிறதா, எந்தச் சக்கரம் முதலில் தேய்த்த தடம் விட்டிருக்கிறது என்று இறங்கிப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் டிரம்களின் பின்புறத்தையும் குழாய் முனைகள் ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியால் தொட்டு, ஈரம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பல நாள்கள் இப்படிக் கழிந்தபின்தான் கச்சிராயபாளையம் சாலை.

வெள்ளிமலையிலிருந்து இரண்டாம் கியரில் இறங்கி, கோமுகி அணைக்கு அருகில் காரை நிறுத்தும் இளைஞன், உடனே கைப்பிரேக்கை இழுத்துவிடாமல் சக்கரத்துக்குக் கல் வைக்கிறான். சூடான டிரம் குளிர்ந்து சுருங்கும்போது ஷூவை இறுகப் பற்றிக்கொள்ளக்கூடும். பிறகு நான்கு சக்கரங்களின் அருகிலும், தொடாமல், கையை நீட்டி வெப்பத்தை ஒப்பிடுகிறான். முன்னிரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. பின்புறம் இடப்பக்கம் மட்டும் சற்றுக் கூடுதலாகச் சுடுகிறது. டிரம் ஆறியதும் அச்சக்கரத்தின் பின்னாலுள்ள சதுரத்தலைத் திருகை ஒரு சொடுக்குத் தளர்த்திவிட்டு, சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டில் தேதியுடன் எழுதிக்கொள்கிறான்.